விளக்கின் மேல் வைத்த பொட்டு

எனக்கு இரண்டு தாரம் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். மூத்தவள் அரூரில் இருக்கிறாளாம். இளையவள் அதியமான்கோட்டையில் எனக்குத் தோசை சுட்டுக்கொண்டிருக்கிறாளாம். தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் இதை நிஜமென்றே நம்பி, ஒரு வளைகாப்பில் என்னைத் தனியே தள்ளிக்கொண்டுபோய்ப் புத்தி சொன்னார். மூத்தவள் என்பது ஒரு முழ அகலத்தில் இருக்கும் இரும்புப்பெட்டி என்று நான் அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் பந்தியில் பாயசம் தீர்ந்துவிட்டது.

அந்தப் பெட்டி ஒரு சர்வர். அரூரில் ஒரு சின்ன எலும்பு ஆஸ்பத்திரியில், எக்ஸ்ரே அறையை ஒட்டிய சிற்றறையில் இருக்கிறது. டாக்டரின் மகன் வெளிநாடு போவதற்கு முன் எங்கிருந்தோ வாங்கி வந்து, எல்லாவற்றையும் அமைத்துவிட்டுப் போனான். பன்னிரண்டு வருடமாக அந்த ஆஸ்பத்திரியில் எடுத்த ஒவ்வொரு எக்ஸ்ரே படமும் அதற்குள்தான் இருக்கிறது.

அதில் ஓடுவது விண்டோஸும் அல்ல, லினக்ஸும் அல்ல. சர்வர்களுக்கென்றே எழுதப்பட்ட, பழைய வம்சத்து இயங்குதளம், அதாவது ஓ.எஸ். பெயரைச் சொன்னால் கணினிக்காரர்களே, “அது இன்னும் இருக்குதா?” என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்பார்கள். அந்தக் குரலைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். அதனால் பெயர் வேண்டாம்.

பெங்களூரில் பதினோரு வருடம் அதோடுதான் குப்பை கொட்டினேன். கம்பெனி அதைக் கைவிட்டபோது மற்றவர்கள் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். எனக்கு மனசு வரவில்லை. வீட்டிலிருந்தே வேறு வேலை பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் உலகத்தின் பல மூலைகளில் இருக்கும் என்னைப் போன்ற சில கிறுக்கர்களோடு சேர்ந்து, லினக்ஸுக்காக எழுதிய மென்பொருள்களை இதில் ஓட வைக்கிறேன். அண்ணன் சட்டையைப் பிரித்துத் தம்பிக்குத் தைப்பது போன்ற வேலை. காசு கிடையாது. யாரும் கைதட்டுவதும் கிடையாது. ஆனால் அந்த ஓ.எஸ்.ஸின் ஒழுக்கம் எனக்குப் பிடிக்கும். எதை எழுதினாலும் இரண்டு டிஸ்க்கில் எழுதும். எழுதியது சரிதானா என்று திரும்பப் படித்துப் பார்க்கும். ஒரு டிஸ்க் செத்தாலும் மற்றதை வைத்துக்கொண்டு வேலையை நிறுத்தாமல் ஓடும். மனிதர்களில் இத்தனை பொறுப்பானவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்த எக்ஸ்ரே அறையில் அப்படி ஒருவரைப் பார்த்தேன். பொம்மிடிக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எக்ஸ்ரே எடுப்பதற்கான டிப்ளமோ படித்தவர், கம்ப்யூட்டர் படித்தவர் அல்ல. ஆனால் டாக்டரின் மகன் போன பிறகு, நான் வரும்வரை ஒன்பது வருடம் அந்தச் சர்வரைத் தனியாளாகக் கட்டிக் காத்தவர் அவர்தான். எப்படி என்றால் ஒரு நோட்டு. அந்தப் பையன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட கட்டளைகள், ஒவ்வொன்றின் கீழும் தமிழில் ஒரு குறிப்பு. முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி. அதன் கீழே, “இத அடிச்சா நல்லா இருக்கானு சொல்லும்” என்று எழுதியிருந்தார்.

தினமும் காலையில் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வருவார். அந்த வரியை அடிப்பார். பிழை ஏதும் இல்லை என்று திரையில் வந்ததும் காலண்டரில் ஒரு டிக் போடுவார். அதற்குப் பிறகுதான் முதல் நோயாளியைக் கூப்பிடுவார்.

மூன்று வருடத்துக்கு முன் டாக்டர் கேட்டு நான் சர்வர் பொறுப்பெடுத்த முதல் வாரத்திலேயே இதைப் பார்த்துச் சிரித்தேன். “இதெல்லாம் தேவையில்லக்கா. ஏதாவது கெட்டுப்போனா அதுவே மெயில் போட்டுச் சொல்லிரும்” என்றேன்.

“அப்படிங்களா தம்பி? நீங்க சொன்னாச் சரிங்க” என்றார். மறுநாளிலிருந்து காலண்டரில் டிக் இல்லை. படித்தவன் சொல்லிவிட்டேன் அல்லவா.

போன வருடம் டாக்டர் புது டிஜிட்டல் எக்ஸ்ரே மெஷின் வாங்கினார். விற்றவர் ஒரு நிபந்தனையோடு வந்தார். மெஷின் அனுப்பும் படத்தை வாங்கிச் சேமிக்கிற மென்பொருள் லினக்ஸில்தான் ஓடுமாம். அதனால் “எங்க பெட்டி, எங்க ஆள்” என்றார். மெஷினை இயக்க அவர்களே ஒருவரை அனுப்புவார்களாம். பழைய படங்களை ஒரு டிஸ்க்கில் போட்டு பீரோவில் வைத்துக்கொள்ளலாமாம்.

“அப்ப இவங்க?” என்று அக்காவைக் காட்டிக் கேட்டேன்.

“முன்னாடி டோக்கன் குடுக்க ஆள் வேணுமே” என்றார் டாக்டர். நல்ல மனிதர்தான். ஆனால் பொறுமை என்பது அவருடைய கல்லூரியில் பாடமாக இருந்திருக்காது.

“டோக்கன் குடுக்கறதும் வேலதானுங்களே” என்றார் அக்கா. சொல்லிக்கொண்டே, ஏற்கெனவே பளிச்சென்று இருந்த மேசையை மறுபடி துடைத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அந்த மென்பொருளின் நிரல் இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி இருப்பது எனக்குத் தெரியும். நம் சர்வரிலேயே ஓட வைத்துக் காட்டுகிறேன், பெட்டியும் மாற வேண்டாம், ஆளும் மாற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

“எப்போ?”

“ஆயுத பூஜைக்குள்ள, சார்.”

“பூஜை அன்னிக்கு மதியம் வந்து பார்ப்பேன். ஓடலைன்னா அவங்க பெட்டிதான்.”

அன்றிலிருந்து ஆறு வாரம் நான் வீட்டில் மனிதனாக இல்லை என்பது என் மனைவியின் சாட்சியம். நிரலை எடுத்து எங்கள் ஓ.எஸ்.ஸில் முதல் முறை போட்டபோது பிழைகள் திரை தாண்டி வழிந்தன. லினக்ஸ்காரர்கள் உலகத்தில் லினக்ஸ் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்து எழுதுவார்கள். அவர்களைத் திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சரி செய்தேன். வெளியே ஹைவேயில் லாரிகள் ஹாரன் அடித்தன, உள்ளே நான் கத்தினேன். “மூத்தவளுக்கு என்ன, இன்னும் காய்ச்சல் எறங்கலீங்களா?” என்று மனைவி அடுப்படியிலிருந்து கேட்பாள்.

ஒருவழியாக ஓடியது. புது மெஷினிலிருந்து அக்கா ஒரு படம் அனுப்பிப் பார்த்தார். உடனே போன் வந்தது.

“தம்பி, பாதி முட்டிதான் வருதுங்க.”

“பாதின்னா?”

“மேல்பாதி இருக்குது. கீழ காலே இல்லீங்க.”

காரணம் புரிய இரண்டு நாள் ஆனது. மெஷின் படத்தை ஒரு ஃபோல்டருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக எழுதும். எழுதி முடித்துக் கையெடுத்த நொடியைச் சொல்ல லினக்ஸில் ஒரு வசதி உண்டு. எங்கள் ஓ.எஸ். ஃபோல்டரில் ஏதோ மாறியது என்று சொல்லும், முடிந்ததா இல்லையா என்று சொல்லாது. அதனால் மென்பொருள் அவசரப்பட்டுப் பாதிப் படத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. ஓ.எஸ்.ஸின் அடிவயிற்றில் கை வைக்காமல் இதைச் சரி செய்ய முடியாது என்று முடிவு கட்டி, அந்தச் சோகத்தை அக்காவிடம் போனில் கொட்டினேன்.

“பழைய மெஷின்லயும் இப்படித்தானுங்களே” என்றார் அவர் சாதாரணமாக. “நான் படத்தோட சைஸப் பாப்பன். கொஞ்சம் பொறுத்து இன்னொருக்கா பாப்பன். அதே சைஸா இருந்தா முடிஞ்சுதுன்னு அர்த்தம். அப்பறந்தான் தொறப்பன்.”

அவ்வளவுதான். அளவைப் பார், பொறு, மறுபடி பார். அக்கா ஒன்பது வருடம் கண்ணால் செய்ததை நான் பத்து வரி நிரலாக எழுதினேன். அடுத்து வந்தது முழு முட்டி. அந்தத் திருத்தத்தை உலகத்துக் கிறுக்கர்களுக்கும் அனுப்பி வைத்தேன். யாரோ ஒருவர் “அருமையான தீர்வு” என்று பதில் எழுதினார். அது பொம்மிடித் தீர்வு என்று நான் திருப்பி எழுதியது அவருக்குப் புரிந்திருக்காது.

பூஜை நாள் வந்தது. அந்த ஆஸ்பத்திரியின் ஆயுத பூஜை பார்க்க வேண்டியது. ஆம்புலன்ஸுக்கு மாலை, சக்கர நாற்காலிகளுக்கு வரிசையாகச் சந்தனம், எலும்பு அறுக்கும் ரம்பத்துக்குக்கூடப் பொட்டு. சர்வருக்கும் உண்டு. காலையில் அதை நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் காலை வரை ஓய்வு கொடுப்பது அக்காவின் வழக்கம். நான் வந்த முதல் வருடம், ஓடுகிற சர்வரை நிறுத்துவதா என்று முறைத்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் வருடம் இளகிவிட்டேன். இளகியது மட்டுமில்லை, நானே பொட்டும் வைத்தேன். இரண்டு டிஸ்க்கின் முகப்பிலும் துவரம்பருப்பு அளவில் ஒரு வட்டம் இருக்கிறது. பெட்டி நின்றிருந்ததால் எதுவும் எரியவில்லை, நெற்றியில் பொட்டு வைக்கும் இடம் மாதிரியே இருந்தது. மோதிர விரலால் சந்தனத்தைத் தடிமனாக அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்து, போட்டோ எடுத்து மனைவிக்கும் அனுப்பினேன். வைத்த பொட்டை நாமாக அழிக்கக் கூடாது என்று அக்கா அதை வருடம் முழுவதும் ஈரத்துணி படாமல் காப்பாற்றினார்.

இந்த முறை, டாக்டர் வந்து பார்த்த பிறகு நிறுத்திக்கொள்ளலாம் என்று கேட்டுக்கொண்டேன். “சரிங்க, தொடச்சு மட்டும் வெக்கறன்” என்று பழைய பொட்டைத் துடைக்க அக்கா ஈரத்துணியோடு உட்கார்ந்தார். நான் மதியத்துக்கான படங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

“தம்பி, இது பச்சையாத்தான எரியும்?”

“ஆமாக்கா.”

“ஒன்னு பச்சையா இருக்குது. இன்னொன்னு ஆரஞ்சா இருக்குதுங்க.”

“குங்குமக் கறையா இருக்கும். நல்லாத் தொடைங்க.”

அவர் நன்றாகத் துடைத்தார். ஆரஞ்சு இன்னும் பளிச்சென்று எரிந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பொட்டு வைத்த வட்டம் டிஸ்க்கின் விளக்கு. நன்றாக இருந்தால் பச்சை, செத்தால் ஆரஞ்சு. அக்காவின் நோட்டின் முதல் பக்கத்து வரியை அடித்தேன். இரண்டாவது டிஸ்க் செத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஏழு மாதமாகப் பன்னிரண்டு வருடத்துப் படங்களும் ஒரே ஒரு பழைய டிஸ்க்கை நம்பிக்கொண்டிருந்திருக்கின்றன.

மெயில்? போட்டிருக்கிறது. தவறாமல் போட்டிருக்கிறது. டாக்டரின் மகன் எப்போதோ விட்டுவிட்டுப் போன ஒரு பழைய ஆபீஸ் முகவரிக்கு. அதை மாற்ற வேண்டும் என்று மூன்று வருடத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. ஆறு வாரம் தினமும் அதற்குள் போய் வந்தவன், அதன் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு என்மேல் வந்த வெறுப்பை எழுத்தில் சொல்ல முடியாது.

அக்கா ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பீரோவைத் திறந்து, ரசகற்பூர உருண்டைகளுக்கு நடுவிலிருந்து பிரிக்காத ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தார். “அந்தத் தம்பி போறப்ப, டிஸ்க்கு போச்சுன்னா இத மாட்டச் சொல்லுங்கன்னு குடுத்தாருங்க. பத்தரமா வெச்சிருந்தன்.”

ஓடும்போதே டிஸ்க்கை மாற்றலாம். அதுவும் இந்த ஓ.எஸ்.ஸின் நல்ல குணம். செத்ததை உருவிவிட்டுப் புதியதைச் சொருகினேன். நல்ல டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் படித்துப் புதியதில் எழுத ஆரம்பித்தது. ஐந்து மணி நேரம் ஆகும் என்றது. அதற்குள் அந்தக் கிழட்டு டிஸ்க்கும் போனால் எல்லாம் போச்சு.

“இப்ப நிறுத்துனா?” என்று கேட்டார் அக்கா.

“வயசான டிஸ்க். ஒருதடவை நின்னா மறுபடி சுத்துமான்னு தெரியலக்கா.”

பூஜைக்குப் பெட்டியை நிறுத்துவது அக்கா ஒரு வருடம்கூட மாற்றாத வழக்கம். “அப்ப ஓடட்டுமுங்க. ஐ.சி.யூ.ல ஆள் இருக்கறப்ப நாம லீவு போட்டுட்டா போறோம்?” என்று சொல்லி, கற்பூரத் தட்டைத் தள்ளி வைத்தார்.

நான் மெதுவாக ஆரம்பித்தேன். “டாக்டர் வந்தா புது சாப்ட்வேர மட்டும் காட்டுவோம்க்கா. இது சாயங்காலத்துக்குள்ள தானாச் சரியாயிரும். அவருக்குத் தெரிய வேண்டியதில்ல.”

“சொல்லிருவமுங்க தம்பி.”

“சொன்னா பெட்டியத் தூக்கிருவாரு. உங்க ரூமும் போயிரும்.”

“போனாப் போகுதுங்க. ஒடைஞ்ச எலும்ப ஒடையலன்னு நான் படம் எடுத்துக் குடுத்ததே இல்லீங்களே.”

டாக்டர் மதியம் ஒரு கையில் பொரியும் ஒரு கையில் போனுமாக வந்தார். உருவி வைத்திருந்த டிஸ்க்கைப் பார்த்து என்ன என்றார். சொன்னேன். கேட்டுக்கொண்டே பொரி மெல்லுவதை நிறுத்தினார்.

“லைட்டு மேல பொட்டா? யார் வெச்சது?”

அக்கா வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். முந்திக்கொண்டேன். “நான்தான் சார். அக்கா தினமும் காலைல ஒரு வரி அடிச்சுப் பார்த்துட்டு இருந்தாங்க. அது இருந்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். வேண்டாம்னு நிறுத்துனதும் நான்தான்.”

டாக்டர் போனைச் சட்டைப்பையில் போட்டார்.

“படம் எதாவது போச்சா?” என்றார்.

“ஒன்னுகூடப் போகல சார்.”

“காட்டுங்க.”

அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பென்னாகரம் பக்கத்துப் பெண் ஒருத்தியின் பெயரைத் தட்டினார். ஊர்த் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு எலும்பில் இறங்கி, நான்கு வயதில் முட்டிகள் உள்பக்கம் வளைந்து, அம்மா இடுப்பில் ஏறி வந்த குழந்தை. அந்த முதல் படம் இடது ஓரத்தில் வந்தது. பிறகு வருடத்துக்கு ஒன்று, ஆபரேஷனுக்கு முன், ஆபரேஷனுக்குப் பின், கால்கள் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்துகொண்டே வந்தன. வலது கடைசியில் இரண்டு நாள் முன்பு புது மெஷினில் எடுத்தது. பதினாறு வயதுப் பெண்ணின் நேரான இரண்டு கால்கள். பழையதும் புதியதும் ஒரே திரையில், ஒரே வரிசையில்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். வெளியே யாரோ திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தார்கள்.

“இந்த மாதிரி இன்னும் ரெண்டு டிஸ்க் வாங்கி ஸ்டாக் வைங்க. அந்தக் கம்பெனிக்காரர்கிட்ட மெஷின் மட்டும் போதும்னு சொல்லிக்கறேன்” என்றார். கதவு வரை போனவர் அக்காவிடம் திரும்பினார். “இனிமே இவர எதுக்கும் பொட்டு வெக்க விடாதீங்க.”

சாயங்காலம் சுண்டலைத் தின்றுகொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தோம். வேலை முடிந்து, பிழை ஏதும் இல்லை என்று வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா பார்க்காத மாதிரி காலண்டரை எடுத்து அன்றைய தேதியில் டிக் போட்டார். ஓடிக்கொண்டிருந்த பெட்டிக்கே கற்பூரம் காட்டி, இரண்டு டிஸ்க்குக்கும் பொட்டு வைத்தார், விளக்குக்கு ஒரு விரற்கடை கீழே. நானும் சந்தனக் கிண்ணத்துக்குள் விரலை விட்டேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “டாக்டரு சொன்னது காதுல விழலீங்களா?” என்று சிரித்து, அந்தச் சந்தனத்தை என் நெற்றியில் வைத்துவிட்டார்.

கிளம்புவதற்கு முன் மெயில் முகவரியை மாற்றினேன். இப்போது அந்தச் செய்திகள் முதலில் அக்காவின் போனுக்குத்தான் போகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்வர் தன் டிஸ்க்குகள் முழுவதையும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அறிக்கை அனுப்பும். திங்கட்கிழமை காலையில் அக்கா அந்த அறை வாசலில் செருப்பை விடும்போது அதை எனக்குத் தள்ளிவிடுவார். நான் கேட்காமலே, கீழே தன் நோட்டின் பாஷையில் ஒரு வரியும் சேர்த்து அனுப்புவார்.

போன திங்கட்கிழமையும் நான் தோசைக்கு உட்கார்ந்த நேரத்தில் போன் கிணுகிணுத்தது. “யாரு, மூத்தவங்களா?” என்றாள் மனைவி, தோசையைத் திருப்பிக்கொண்டே.

அக்காவின் வரியைப் படித்துக் காட்டினேன். “நல்லா இருக்குதுங்க தம்பி. நானும் ரூமுக்கு வந்துட்டன்.”